வகுப்பு நேரத்தில் ஒலி பொரிகிறது: மின்ட் 22, பைப்வயர், யூஎஸ்பி ஒலி இடைமுகம்

கோண்டாவிலான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனது சின்னம்மா வயலின் ஆசிரியை. அவரிடம் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பதால், வார இறுதி வகுப்புகள் உலாவி வழியே காணொளியாக நடைபெறுகின்றன. அவருடைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளம் உள்ளது. அதனுடன் இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஒரு யூஎஸ்பி ஒலி இடைமுகமும் (ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒரு கொண்டென்சர் ஒலிவாங்கியும் இணைக்கப்பட்டுள்ளன. சில வேளைகளில் புளூடூத் ஹெட்செட் ஒன்றையும் அவர் பாவிப்பார்.

வகுப்பு நடக்கும்போதே அதனைப் பதிவு செய்யத் தொடங்கினால், எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற சத்தம் இடையிடையே கேட்கிறது. மின்சாரம் தடைப்பட்டுக் கணினி பற்றரியில் ஓடும்போது இது இன்னும் மோசமாகிறது. சற்று நேரம் அமைதியாக இருந்த பின்னர் ஒரு மாதிரிப் பதிவை ஒலிக்கவிட்டால், முதற்சுரத்தின் தொடக்கம் வெட்டுப்பட்டு விடுகிறது. ஹெட்செட்டை இணைத்து வகுப்பைத் தொடங்கிய உடனேயே எல்லாம் பழைய தொலைபேசியில் கேட்பது போல ஆகிவிடுகிறது. போதாததற்கு, சுருதிப் பெட்டியின் ஒலி சில விநாடிகளில் மங்கி மறைந்து போவதாகப் பிள்ளைகள் கூறுகிறார்கள்.

ஒலிச் சேவையகமான பைப்வயரை மறுதொடக்கம் செய்யலாம் என்று, நிர்வாகி அதிகாரம் தரும் சூடோவுடன், சேவைகளை இயக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைக் கொடுத்தபோது, அப்படியொரு சேவையே இல்லை என்று பதில் வந்தது. பைப்வயரை நீக்கிவிட்டுப் பழைய சேவையகமான பல்ஸ்ஆடியோவுக்குத் திரும்புவது நல்லதா என்பதே எனது கேள்வி.

நீரேரி

இரண்டையும் நீக்கிவிடுங்கள். ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவதற்கு அல்சா இருக்கிறது. நடுவில் நிற்கும் சேவையகங்கள் எல்லாம் வேலையற்ற இடைத்தரகர்கள் என்பது பல காலமாக எனது கருத்து.

பனங்கூடல்

நீரேரி அவர்களின் கருத்தை இந்த மன்றத்தில் பலமுறை வாசித்திருக்கிறோம். 2008 ஆம் ஆண்டு உபுண்டு 8.04 இயங்குதளத்துடன் பல்ஸ்ஆடியோ வந்தபோது பட்ட பாட்டை நினைத்தால் அந்தக் கோபம் விளங்கும். ஆயினும் இந்தக் கணினிக்கு அது உதவாது. உலாவியும் பதிவுச் செயலியும் ஒரே நேரத்தில் ஒரே ஒலிவாங்கியைக் கேட்கின்றன. யாரோ ஒருவர் நடுவில் நின்று பங்கிட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். அல்சாவுக்குள்ளேயே அதற்கான சொருகிகள் இருப்பது உண்மைதான். ஆனால் மொஸில்லா 2017 இல் வெளியிட்ட பயர்பாக்ஸ் 52 முதல் அதன் உத்தியோகபூர்வப் பதிப்பு பல்ஸ்ஆடியோ இடைமுகத்தையே எதிர்பார்க்கிறது. புளூடூத்தை அல்சா வழியே தனியாகக் கட்டி இழுப்பது வயலின் ஆசிரியை ஒருவருக்குச் செய்யத் தகுந்த உதவியும் அல்ல.

கோண்டாவிலான், நீங்கள் எழுதியிருப்பது ஒரு பழுதைப் பற்றியதாக எனக்குப் படவில்லை. ஒரே வாசலால் வருவதால் நாலும் ஒன்றாகத் தோன்றுகின்றன. ஒலி செல்லும் பாதையை அடியிலிருந்து பார்ப்போம். கீழே, இயங்குதளத்தின் மையமான கருவகத்தில் அல்சா இயக்கி இருக்கிறது. அதுவே யூஎஸ்பி இடைமுகத்தோடு பேசுகிறது. அதன் மேல் பைப்வயர் ஓடுகிறது. ஒலித் தரவைத் துண்டு துண்டாக வாங்கி உரியவர்களிடம் கொடுப்பது அதன் வேலை. எந்த ஒலிவாங்கியை எந்தச் செயலியோடு பொருத்துவது, எந்தச் சாதனத்தை எப்போது உறங்க விடுவது, புளூடூத்தை எந்த முறையில் வைத்திருப்பது என்பவற்றை வயர்பிளம்பர் என்னும் அமர்வு மேலாளர் முடிவு செய்கிறது. பழைய செயலிகளுக்காக பல்ஸ்ஆடியோ போல நடிக்கும் பைப்வயர்-பல்ஸ் என்ற இன்னொரு சேவையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலே உலாவி, தனக்கென்று ஓர் ஒலிச் செயலாக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. பொரிதல் பெரும்பாலும் பைப்வயருக்கும் இயக்கிக்கும் இடையில் நிகழ்வது. முதற்சுரம் வெட்டுப்படுவதும் ஹெட்செட் தரம் குறைவதும் வயர்பிளம்பரின் தீர்மானங்கள். சுருதிப் பெட்டி மறைவதற்கு இவற்றில் எதுவும் பொறுப்பாக இருக்காது என்று நினைக்கிறேன். அதனைக் கடைசியில் பார்ப்போம்.

சூடோ பற்றியும் ஒரு சொல். இச்சேவைகள் பாவனையாளரின் அமர்வுக்குள் ஓடுபவை. முழுக் கணினிக்கும் உரியவை அல்ல. ஆகவே சிஸ்டம்சிடிஎல் கட்டளையைச் சூடோ இல்லாமல், யூசர் என்னும் தெரிவுடன் கொடுக்க வேண்டும். மறுதொடக்கம் செய்யும்போது பைப்வயர், பைப்வயர்-பல்ஸ், வயர்பிளம்பர் மூன்றையும் சேர்த்தே செய்யுங்கள்.

இனி எதையும் மாற்றாமல் மூன்று விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். பிஏசிடிஎல் இன்ஃபோ என்ற கட்டளையில் சேவையகத்தின் பெயராக என்ன வருகிறது? வகுப்பும் பதிவும் ஒன்றாக நடக்கும் நிலையை ஏற்படுத்திவிட்டு, முனையத்தில், பைப்வயரின் நிலையைக் காட்டும் பிடபிள்யூ-டொப் கட்டளையை ஓடவிடுங்கள். அதில் குவாண்ட், ரேட், எர் என்ற மூன்று நிரல்களில் என்ன எண்கள் உள்ளன, பொரியும் கணத்தில் எர் நிரல் எந்த வரியில் ஏறுகிறது? மூன்றாவதாக, பயனர் அடைவில் உள்ள மறைந்த கொன்ஃபிக் அடைவினுள் பைப்வயர் என்றோ வயர்பிளம்பர் என்றோ ஏதேனும் கோப்புறை இருக்கிறதா?

கோண்டாவிலான்

விரிவான பதிலுக்கு நன்றி, ஐயா. கேட்டவற்றைப் பார்த்தேன்.

சேவையகத்தின் பெயர் பல்ஸ்ஆடியோ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் பைப்வயர் 1.0.5 இன் மீது என்று காட்டுகிறது. பிடபிள்யூ-டொப்பில் யூஎஸ்பி இடைமுகத்தின் வரியில் குவாண்ட் 64 என்றும் ரேட் 48000 என்றும் உள்ளது. பொரியும் ஒவ்வொரு முறையும் எர் எண் அந்த வரியில்தான் ஏறுகிறது. உலாவியின் வரியிலும் ஏறுகிறது, ஆனால் குறைவாக.

கொன்ஃபிக் அடைவினுள் பைப்வயர் என்ற கோப்புறையும் அதனுள் பைப்வயர்.கொன்ஃப்.டி என்ற உட்கோப்புறையும் உள்ளன. அதில் உள்ள ஒரே கோப்பு, இயல்பு குவாண்டம், மிகக் குறைந்த குவாண்டம், மிகக் கூடிய குவாண்டம் ஆகிய மூன்றையும் 64 என்று வைத்திருக்கிறது. இக்கணினியை வாங்கிய கடையில் இயங்குதளத்தை நிறுவியவர்கள், இசை வேலைக்கு என்று சொன்னதால் இதனைச் சேர்த்திருக்க வேண்டும்.

பனங்கூடல்

பொரிதலுக்கான காரணம் அந்தக் கோப்புத்தான் என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

குவாண்டம் என்பது பைப்வயர் ஒரு சுற்றில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கை. விநாடிக்கு 48000 மாதிரிகள் என்ற வீதத்தில் 64 மாதிரிகள் என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் 1.33 மில்லி விநாடி மட்டுமே. அந்த இடைவெளிக்குள் ஒலிவாங்கியிலிருந்து தரவை எடுத்து, உலாவிக்கும் பதிவுச் செயலிக்கும் கொடுத்து, உலாவி திருப்பித் தருவதை வாங்கி, வெளியீட்டில் சேர்த்துவிட வேண்டும். எந்த ஒரு சுற்றிலாவது இது முடியாமல் போனால் சாதனத்திடம் ஒலிக்கத் தரவு இராது, அல்லது வந்த தரவை வாங்க ஆள் இராது. அதனையே எக்ஸ்ரன் என்கிறார்கள். எர் நிரலில் எண்ணப்படுவதும் காதில் பொரிவதும் அதுவே. ஒரு செயலி தொடங்கும் போது ஓரிரண்டு ஏறினால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கையில் தொடர்ந்து ஏறினால்தான் பழுது.

பற்றரியில் ஓடும்போது மோசமாவதும் இதனோடு பொருந்துகிறது. மின்சாரம் நின்றதும் மையச் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, யூஎஸ்பி வாய்களும் சிக்கனத்துக்கு மாறுகின்றன. 21 மில்லி விநாடி அவகாசம் உள்ள ஒரு சுற்றில் இந்தச் சுணக்கம் தெரியவே தெரியாது, 1.33 மில்லி விநாடியில் அது முழு அவகாசத்தையும் விழுங்கிவிடும்.

64 என்ற எண் அதனளவில் பிழையானதும் அல்ல. கிற்றார் வாசிப்பவர் தன் ஒலியைக் கணினி வழியே செலுத்தி, மாற்றிய ஒலியை உடனுக்குடன் தன் காதில் கேட்க வேண்டுமானால் அவ்வளவு சிறிய தாமதம் தேவைப்படும். அவர் அப்போது உலாவியில் காணொளி வகுப்பு நடத்திக்கொண்டிருக்க மாட்டார். உங்கள் சின்னம்மாவின் ஒலி ரொறன்ரோவுக்குப் போகிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான் செல்லும். பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்துக்குப் போய்வர, இடையிலுள்ள எந்தக் கருவியும் தாமதிக்காவிட்டாலும், 130 மில்லி விநாடிக்குக் குறையாது. அத்தகைய பாதையில் கணினிக்குள் இருபது மில்லி விநாடியை மிச்சம் பிடிக்கப் பொரிதலை விலையாகக் கொடுப்பது எவ்வகையிலும் ஆகாத வியாபாரம்.

கோப்பை அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மூன்று சேவைகளையும் மறுதொடக்கம் செய்யுங்கள். பைப்வயரின் இயல்பான குவாண்டம் 1024, அதாவது 21.33 மில்லி விநாடி. அதன் பின்னரும் பிடபிள்யூ-டொப்பில் சிறிய எண் தோன்றினால் திகைக்க வேண்டாம். ஒன்றாக ஓடும் செயலிகளுள் எது மிகக் குறைந்த தாமதத்தைக் கேட்கிறதோ, அதற்கு இணங்கவே பைப்வயர் முழுச் சுற்றையும் அமைக்கும். எனவே ஒரு செயலி 256 கேட்டால் மற்றவையும் 256 க்கு இழுபடும். அதனைத் தடுக்க, குறைந்தபட்சக் குவாண்டத்தை 512 என்று வைக்கும் ஒரேயொரு வரி கொண்ட புதிய கோப்பு போதும்.

பருத்தித்துறையூரான்

பனங்கூடல் ஐயா சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு. சிலர் 44100, 48000 என்ற வீத வேறுபாட்டினால்தான் பொரிகிறது என்று எழுதுவார்கள். வீதம் மாற்றுவது மையச் செயலிக்குச் சிறிது வேலை தரும். இன்றைய கணினியில் அது மட்டும் பொரிதலை உண்டாக்கி நான் கண்டதில்லை.

முதற்சுரம் வெட்டுப்படுவதற்குக் காரணம், யாரும் பாவிக்காத சாதனத்தை ஐந்து விநாடியின் பின் வயர்பிளம்பர் உறங்க விடுவதாகும். மறுபடி எழுப்பும்போது பல யூஎஸ்பி இடைமுகங்கள் தம் வெளியீட்டை ஒரு கணம் மூடி வைத்துத் திறக்கின்றன. அந்தக் கணத்தில் வந்த ஒலி தொலைந்து விடுகிறது. வயர்பிளம்பர்.கொன்ஃப்.டி என்ற கோப்புறையை உருவாக்கி, மொனிட்டர் அல்சா ரூல்ஸ் பகுதியின் கீழ், அல்சா அவுட்புட் என்று தொடங்கும் பெயருள்ள சாதனங்களுக்கு செஷன் சஸ்பெண்ட் டைம்அவுட் செக்கண்ட்ஸ் என்ற பண்பைப் பூச்சியமாக்குங்கள். இனி அது உறங்காது.

கோண்டாவிலான்

பழைய கோப்பை அகற்றியதும் குவாண்ட் 1024 ஆகியது. வகுப்பும் பதிவும் ஒன்றாக நடந்தபோது எர் ஏறவில்லை, பொரிதலும் இல்லை. பற்றரியில் ஓடவிட்டும் பார்த்துவிட்டேன்.

பருத்தித்துறையூரான் அண்ணா கூறியபடி கோப்பை எழுதினேன். ஆனால் எந்த மாற்றமும் தெரியவில்லை. பிழைச் செய்தியும் எதுவும் இல்லை. முதற்சுரம் முன்போலவே வெட்டுப்படுகிறது.

வடலி

அந்த அறிவுரை சரியானது, ஆனால் வேறொரு பதிப்புக்கு உரியது. பைப்வயர் தொடர்பான குழப்பங்களில் ஒரு பெரும் பங்கு இதனால் வருவதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

வயர்பிளம்பர் 0.4 வரிசையில் அமைவுகள் லுவா என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்டன. 2024 இல் வெளிவந்த 0.5 வரிசையில் அந்த முறை முழுவதும் கைவிடப்பட்டு, பைப்வயர் பாவிக்கும், ஜேசன் என்ற தரவு வடிவத்தின் சாயலுள்ள வடிவத்துக்கு மாற்றப்பட்டது. மின்ட் 22 உபுண்டு 24.04 ஐ அடிப்படையாகக் கொண்டது. அதில் பைப்வயர் 1.0.5 உடன் வருவது வயர்பிளம்பர் 0.4.17. புதிய வடிவில் எழுதிய விதியை 0.4 புரிந்துகொள்ளாது, புரியவில்லை என்று சொல்லவும் மாட்டாது. பழைய லுவா கோப்பை 0.5 இன் கீழ் வைத்தாலும் இதே மௌனம்தான். இன்று இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளுள் இவ்விரு வடிவங்களும் கலந்து கிடக்கின்றன; பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் எழுதப்பட்டவையே அதிகம். எனவே எதையும் பிரதி செய்ய முன்னர் வயர்பிளம்பரிடம் அதன் பதிப்பைக் கேளுங்கள்.

உங்களுக்கு வேண்டியது, வயர்பிளம்பர் கோப்புறையினுள் மெயின்.லுவா.டி என்ற உட்கோப்புறை. அதில் 51 என்ற எண்ணுடன் தொடங்கும் பெயரில் ஒரு லுவா கோப்பை உருவாக்கி, அல்சா மொனிட்டர் ரூல்ஸ் என்ற அட்டவணையில், அதே சாதனப் பொருத்தத்துடன் அதே பண்பைப் பூச்சியமாக்குங்கள். எண் முக்கியமானது: கோப்புகள் எண் வரிசையில் வாசிக்கப்படுகின்றன, கணினியோடு வந்தவை 50 இல் உள்ளன, அவற்றின் பின்னர் உங்களுடையது வர வேண்டும். லுவாவில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் வயர்பிளம்பர் எழும்பாமல் போகலாம். அப்போது சாதனங்கள் எல்லாம் மறைந்து டம்மி அவுட்புட் என்ற ஒன்று மட்டும் எஞ்சும். அப்படியாயின் பதறாமல் ஜேர்னல்சிடிஎல் கட்டளையில் யூசர் தெரிவுடன் வயர்பிளம்பரின் பதிவேட்டைப் பாருங்கள். எந்த வரியில் தவறு என்று அங்கே எழுதியிருக்கும்.

மடிக்கணினியின் உள்ளக ஒலி அட்டையில் இதே குறை இருந்தால், வயர்பிளம்பரைத் திருத்தியும் போகாமல் இருக்கக்கூடும். இன்ரெல் எச்டிஏ இயக்கிக்குத் தனியாக ஒரு மின்சேமிப்பு அளவுரு உண்டு. டிஎல்பி போன்ற மின்சிக்கனப் பொதிகள் பற்றரி நிலையில் அதனை இயக்கிவிடும். ஒலி தொடங்கும்போதும் முடியும்போதும் டப் என்ற சத்தம் கேட்பது அதன் அடையாளம்.

பருத்தித்துறையூரான்

உண்மை. எனது கணினியில் டெபியன் 13 உள்ளது, அதில் 0.5 வரிசை. வடலிக்கு நன்றி.

சுன்னாகத்தான்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனது கணினி மின்ட் 21 இலிருந்து 22 க்கு மேம்படுத்தப்பட்டது. பைப்வயர் ஓடுவதைச் செயற்பாட்டுப் பட்டியலில் காண்கிறேன். ஆனால் பிடபிள்யூ-டொப்பில் ஒலி அட்டையே இல்லை, ஒலியும் சில வேளை வருகிறது, சில வேளை வருவதில்லை.

பனங்கூடல்

பைப்வயர் என்ற பெயர் பட்டியலில் இருப்பதால் ஒலி அதன் வழியே போகிறது என்று கொள்ள முடியாது. மின்ட் 21 இன் அடிப்படையான உபுண்டு 22.04 இல், ஒலியை பல்ஸ்ஆடியோ கவனிக்க, பைப்வயர் திரைப் பகிர்வு போன்ற காணொளி வேலைகளுக்காக ஓடிக்கொண்டிருந்தது. மேம்படுத்தலின் பின்னரும் பல்ஸ்ஆடியோ நீங்காதிருந்தால் இரண்டும் ஒரே அட்டைக்காகப் போட்டியிடும். முதலில் எழும்பியவர் பிடித்துக்கொள்வார். அதனால்தான் ஒரு நாள் வருவதும் மறுநாள் வராததும். பிஏசிடிஎல் இன்ஃபோவில் பைப்வயரின் பெயர் இல்லாமல் வெறும் பல்ஸ்ஆடியோ என்று வந்தால் ஐயமில்லை. எஃப்யூசர் கட்டளையால் டெவ் எஸ்என்டி அடைவிலுள்ள சாதனங்களை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்கலாம். பைப்வயர்-ஆடியோ என்னும் தொகுப்புப் பொதியை நிறுவினால் பல்ஸ்ஆடியோ சேவையகம் அகற்றப்பட்டு, புளூடூத் சொருகி உட்பட வேண்டியவை வந்து சேரும். மேலும் ஏதும் இருந்தால் தனி இழையில் எழுதுங்கள். இங்கே கோண்டாவிலானின் ஹெட்செட் இன்னும் காத்திருக்கிறது.

வடலி

ஹெட்செட் பற்றி நான் எழுதுகிறேன்.

இது பழுது அல்ல, புளூடூத்தின் கட்டமைப்பிலேயே உள்ள ஒரு தெரிவு. ஏ2டிபி என்ற முறையில் இசை நல்ல தரத்தில், இரு தடங்களில் ஹெட்செட்டுக்குப் போகும். ஆனால் ஹெட்செட்டிலுள்ள ஒலிவாங்கி வேலை செய்யாது. ஒலிவாங்கியும் வேண்டுமானால் எச்எஃப்பி என்ற தொலைபேசி முறைக்கு மாற வேண்டும். அதில் இரு திசைகளும் ஒற்றைத் தடமாகி, சிவிஎஸ்டி குறிமுறையில் 8000 மாதிரிகளாகவோ எம்எஸ்பிசி குறிமுறையில் 16000 மாதிரிகளாகவோ சுருங்கிவிடும். 8000 மாதிரிகளில் 4000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட எதுவும் இராது. வயலினின் நாதத்தைக் கூர்மையாக்கும் மேற்சுரங்கள் அங்கேதான் இருக்கின்றன.

வயர்பிளம்பர் 0.4 தன்னிடம் ஒரு செயலிப் பட்டியலை வைத்திருக்கிறது. பயர்பாக்ஸ், குரோமியம் போன்றவை அதில் உள்ளன. அவை ஒலிவாங்கியைத் திறந்தால், பேசப் போகிறார்கள் என்று ஊகித்துத் தானாகவே தொலைபேசி முறைக்கு மாற்றிவிடும். சின்னம்மாவிடம் நல்ல ஒலிவாங்கி யூஎஸ்பி இடைமுகத்தில் இருக்கும்போது ஹெட்செட்டின் ஒலிவாங்கி எதற்கு? பொலிசி.லுவா.டி கோப்புறையில் ஒரு கோப்பு வைத்து, புளூடூத் பொலிசி அட்டவணையில் மீடியா ரோல் யூஸ் ஹெட்செட் புரொஃபைல் என்பதை ஃபோல்ஸ் ஆக்குங்கள். பின்னர் பாவுகொன்ட்ரோல் என்னும் ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியின் சாளரத்தில் கடைசித் தாவலில் ஹெட்செட்டுக்கு ஏ2டிபி தெரிவாகியுள்ளதா என்று பாருங்கள். உலாவியின் வகுப்புப் பக்கத்திலும் ஒலிவாங்கியாக யூஎஸ்பி இடைமுகத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏ2டிபியில் ஒலி காதுக்கு வர நூறு, இருநூறு மில்லி விநாடி கூடப் பிந்தலாம். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்துவதற்கு அது போதும். கூடவே தாளம் போட வேண்டுமானால், இடைமுகத்தில் நேரே செருகும் கம்பி ஹெட்போனே நல்லது. ஆசிரியர் எவரும் கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

கோண்டாவிலான்

லுவா கோப்பு உடனே வேலை செய்தது. முதற்சுரம் இப்போது முழுதாகக் கேட்கிறது. ஹெட்செட்டும் இசை முறையிலேயே நிற்கிறது. தாமதம் பற்றிய குறிப்பைச் சின்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கம்பி ஹெட்போனையே பாவிக்கப் போவதாகக் கூறினார்.

சுருதிப் பெட்டி மட்டும் அப்படியே உள்ளது. அத்துடன் பொரிதல் நின்ற பிறகு, அடியில் மெல்லிய ஓர் உறுமல் தொடர்ந்து இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

பனங்கூடல்

சுருதிப் பெட்டி விடயத்தில் பைப்வயரின் குற்றமின்மையை நீங்களே நிறுவலாம். வகுப்பு நடக்கும்போது பிடபிள்யூ-ரெக்கோர்ட் கட்டளையால் யூஎஸ்பி ஒலிவாங்கியை ஒரு கோப்பில் பதிவு செய்யுங்கள். அதே நேரத்தில் இலண்டனிலுள்ள ஒரு பிள்ளையை அங்கே கேட்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். உங்கள் கோப்பில் சுருதி ஒரே சீராக இருந்து, பிள்ளையின் கோப்பில் மங்கினால், ஒலி உங்கள் சேவையகத்தை நல்ல நிலையில் கடந்து சென்று உலாவியில்தான் மாட்டியிருக்கிறது.

காரணமும் எளிது. உலாவிகள் காணொளி அழைப்புக்காக எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவுச் சீராக்கம் என்ற மூன்றை இயல்பாகவே இயக்குகின்றன. இரைச்சல் நீக்கம் தேடுவது, நேரத்தோடு மாறாமல் ஒரே மாதிரி நீடிக்கும் ஒலியை. மின்விசிறியின் இரைச்சல் அப்படிப்பட்டது, சுருதியும் அப்படிப்பட்டதே. இரண்டுக்குமிடையே வேறுபாடு காண அதற்குச் சங்கீத ஞானம் கிடையாது. நீண்ட வில்வீச்சில் ஒரே சுரத்தைப் பிடித்து வாசித்தாலும் இதே கதி நேரலாம். வகுப்புச் சேவையின் ஒலி அமைப்புகளில், மூல ஒலி என்றோ இசை முறை என்றோ ஒரு தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதனைச் சின்னம்மாவின் பக்கத்தில் இயக்க வேண்டும், பிள்ளைகளின் பக்கத்தில் அல்ல. எதிரொலி நீக்கமும் அப்போது நின்றுவிடக்கூடும் என்பதால் ஒலிபெருக்கியைத் தவிர்த்து ஹெட்போனில் கேட்பது கட்டாயமாகும். சுருதிப் பெட்டியைப் பிள்ளைகள் தத்தம் வீட்டில் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. அது தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட முடிவு என்பதால் ஆசிரியையிடமே விட்டுவிடுகிறேன்.

உறுமலைப் பொறுத்தவரை, மின்னேற்றியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

கோண்டாவிலான்

கழற்றிய உடனே உறுமல் நின்றுவிட்டது. செருகினால் மீண்டும் வருகிறது.

நீரேரி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இம்முறை எவரையும் நீக்கச் சொல்லாமல். நமது மின்விநியோகம் 50 ஹேர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். புவித்தொடுப்பு இல்லாத மாற்றியின் வழியே மூன்று ஊசிச் செருகியைப் பொருத்தியிருந்தாலோ, பழைய வீட்டின் செருகுவாயில் புவிக்கம்பி இணைக்கப்படாதிருந்தாலோ, மின்னேற்றியின் கசிவு மின்னோட்டம் யூஎஸ்பி கம்பியின் உறை வழியே ஒலிப் பாதைக்குள் நுழையும். கேட்பது 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும். எந்த அமைவுக் கோப்பாலும் இதனை நீக்க இயலாது. மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அந்தச் செருகுவாயின் புவித்தொடுப்பைச் சோதிப்பியுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். அதுவரை வகுப்பு நேரத்தில் பற்றரியில் ஓடலாம், இப்போது அது பொரிவதில்லை என்பதால்.

கோண்டாவிலான்

மூல ஒலித் தெரிவு இருந்தது. இயக்கியதும் சுருதி முழு நேரமும் கேட்பதாக இலண்டனிலிருந்து பதில் வந்தது. செருகுவாயைப் பார்க்க மின்னியலாளரை அழைத்திருக்கிறேன். இழையைத் தீர்ந்ததாகக் குறித்துவிடலாமா?

வடலி

குறிக்கலாம், ஆனால் அடுத்து வருபவர்களுக்காக ஒன்று. நீங்கள் எழுதிய இரண்டு லுவா கோப்புகளும் வயர்பிளம்பர் 0.4 உள்ள வரையில் மட்டுமே செல்லும். 0.5 வரிசையுள்ள பதிப்பொன்றுக்கு இக்கணினியை மேம்படுத்தும் நாளில் முதற்சுரம் மறுபடியும் வெட்டுப்படும், ஹெட்செட்டும் தொலைபேசி முறைக்குத் திரும்பும், பதிவேட்டில் எதுவும் இராது. அன்று பருத்தித்துறையூரான் மேலே கொடுத்த வடிவத்தை எடுத்து எழுதுங்கள். ஹெட்செட்டுக்குக் கோப்பும் தேவைப்படாது, டபிள்யூபிசிடிஎல் செட்டிங்ஸ் கட்டளையில் ஓட்டோசுவிட்ச் டு ஹெட்செட் புரொஃபைல் என்ற அமைவைச் சேமிப்புத் தெரிவுடன் ஃபோல்ஸ் ஆக்கினால் போதும். குறைந்தபட்சக் குவாண்டத்துக்கு 512 என்று ஒரு கோப்பு வைத்திருந்தால், அது பைப்வயருக்கு உரியது. அதன் வடிவம் மாறவில்லை, அப்படியே இருக்கட்டும்.